ஊற வைத்த நார்

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் பூவைத்தான் பார்ப்பார்கள். எட்டரை, கோப்பு, போசம்பட்டி பக்கத்திலிருந்து இருட்டோடு பறித்த மல்லியும் முல்லையும் மூட்டையாக வந்து இறங்கும். தராசுச் சத்தம், விலை கூவும் சத்தம், காலில் மிதிபட்ட மருக்கொழுந்தின் வாசனை. நான் நின்று பார்ப்பது வேறொன்றை. பூ கட்டுகிற அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கும். அதில் பாதிக்குத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு கைப்பிடி வாழைநார்.

அவர் அதிலிருந்து ஒரு பட்டையை உருவி, கட்டைவிரல் நகத்தால் நுனியைக் கீறி, இரண்டு கையாலும் பிரிப்பார். ஒரு பட்டை நாலு இழையாகிவிடும். எதிரும் புதிருமாக இரண்டிரண்டு பூவை வைத்து, விரலில் ஒரு கண்ணி போட்டுச் சுண்டினால் முடிச்சு விழுந்துவிடும். பேசிக்கொண்டே முழம் முழமாக நீளும் சரம். தொண்டரடிப்பொடியாழ்வார் இதே ஊரில் நந்தவனம் போட்டு அரங்கனுக்கு மாலை கட்டியவர். சிலையில் அவரைப் பூக்குடலையோடுதான் காட்டுவார்கள். குடலையைக் காட்டிய சிற்பி நாரைக் காட்டவில்லை.

ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, நூல்ல கட்டினா இன்னும் சீக்கிரம் ஆகுமே?"

"நூலு காம்பை அறுத்துப்புடும் தம்பி. நாரு பட்டையா இருக்கு, அறுக்காது. தண்ணியும் வச்சிருக்கும், பூவு சாயந்தரம் வரைக்கும் தாங்கும்." பிறகு டப்பாவைக் காலால் கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "காஞ்ச நாரு ஒடியும். ஊறின நாரு சொன்ன பேச்சு கேக்கும்."

அந்த ஊறின நாரிடம் நான் கல்லூரி நாளில் தோற்றிருக்கிறேன். அந்தக் கதைக்கு முன்னால் நார் பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காவிரிக்கு வடகரையில் முசிறி, தொட்டியம். தென்கரையில் கரூர் சாலையை ஒட்டி ஜீயபுரம், திருப்பராய்த்துறை, பெட்டவாய்த்தலை. பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் இந்தப் பக்கமெல்லாம் வாழைதான். பூவன், ரஸ்தாலி, கற்பூரவல்லி, ஏலரிசி, நேந்திரன், மொந்தன். மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் திருச்சியில், தோகைமலை சாலையில் வைத்ததற்கு இந்தக் கரைகள்தான் காரணம் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

வாழை மரம் என்கிறோம்; அது மரமே இல்லை. மரம் போல நிற்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்ட இலைமட்டைகளின் கட்டு. மெய்யான தண்டு நடுவில் வெள்ளையாக ஏறும், அதைக் கூட்டு வைத்துச் சாப்பிட்டுவிடுகிறோம். ஒரு தார் போட்டதும் அதன் வேலை முடிந்தது. தாரை வெட்டியபின் நிற்கும் அடிமரம் விவசாயிக்குச் சுமைதான். பக்கக்கன்று வளர வழிவிட வேண்டும். வெட்டி வரப்பில் போட்டால் பாதை அடைபடும். அதை வண்டி ஏற்றிப் போகவும் முடியாது, ஏனென்றால் அதில் 10இல் 9 பங்கு தண்ணீர். நூறு கிலோ அடிமரத்தைக் கிழித்தால் நாராகத் தேறுவது ஒன்று, ஒன்றரை கிலோ.

மட்டை ஒன்றைக் குறுக்கே வெட்டிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளித்தோல் கெட்டி, உள்தோல் மெல்லிசு. இரண்டுக்கும் நடுவில் ஜன்னல் ஜன்னலாகக் காற்றறைகள், அறைக்கு அறை மெல்லிய தடுப்பு. நார்க்கற்றை பெரும்பாலும் வெளித்தோலை ஒட்டியே ஓடுகிறது, அதாவது காற்றடித்து மரம் வளையும்போது எங்கே இழுவை அதிகமோ அங்கே. விமானத்தின் தரைப்பலகை செய்கிறவர்கள் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகளை வைத்து ஒட்டுகிறார்கள். கனம் குறைவு, விறைப்பு அதிகம். வாழைமட்டைக்கும் அதே அமைப்பு. ஆடிக்காற்றில் வாழை சாய்கிறதே என்பீர்கள். 25 கிலோ தாரைத் தலையில் வைத்துக்கொண்டு, அடியில் ஆழமான வேரும் இல்லாமல், தண்ணீரால் ஆன ஒரு தூண் அதுவரை நின்றதே பெரிய விஷயம்.

இங்கிருந்து நாருக்கு இரண்டு வழி. வெளிமட்டை வெயிலில் காய்ந்து, கையால் பட்டை பட்டையாகக் கிழிபட்டு, கட்டாகக் கட்டப்பட்டு, பூக்கடைக்குப் போவது பழைய வழி. பச்சை மட்டையை நார் பிரிக்கும் இயந்திரத்தில் கொடுத்தால், சுழலும் உருளையின் பட்டைகள் சதையை அடித்துச் சாறாக்கித் துப்பிவிடும். கையில் மிஞ்சுவது பட்டுப்போல மினுங்கும் நீள இழை. இது புது வழி. இந்த இழை பைக்கும் பாய்க்கும் போகும். அனகாபுத்தூர் நெசவாளர்கள் அதைச் சேலையாக்கினார்கள். மதுரை மாவட்டம் மேலக்காலில் முருகேசன் என்பவர் சைக்கிள் ரிம்மையும் கப்பியையும் வைத்து, வாழைநாரில் கயிறு திரிக்க ஒரு இயந்திரமே செய்துவிட்டார். மிச்சம் கொஞ்சம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். என் கைக்கு வந்தது அந்த மிச்சம்.

ஆய்வுக்கூடக்காரர்களுக்கு வாழைநார்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. 1983இல் திருவனந்தபுரத்தில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர். வட்டார ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த குல்கர்னி, சத்யநாராயணா, ரோகத்கி, விஜயன் ஆகியோர் ஒற்றை ஒற்றை வாழை இழையாக இழுத்து அறுத்து, அதன் குணங்களை எழுதி வைத்தார்கள். இன்று உலகில் யார் வாழைநாரைப் பற்றி எழுதினாலும் அந்த எழுத்துக்கு ஒருமுறை போய் வராமல் எழுத முடியாது. இழைக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் திருகாணி போலச் சுற்றிச் செல்கின்றன. அந்தச் சுற்று அச்சிலிருந்து 11 பாகைதான் சாய்ந்திருக்கிறது. அதாவது ஏறக்குறைய நேர்க்கோடு. அதனால் வாழைநார் இழுத்தால் நீளாது, விறைப்பாக நின்று, பிறகு பட்டென்று அறும். தென்னை நாரில் அந்தச் சாய்வு மூன்று நாலு மடங்கு. அது ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டே போகும். தேருக்கு வடம் எதில், பூவுக்குக் கட்டு எதில் என்று ஊரார் பிரித்துவைத்ததற்கு இந்தப் பாகைக் கணக்கு ஒத்துப்போகிறது.

வாழை இழையை ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுக்குக் கணக்கிட்டால் அது 500 முதல் 800 நியூட்டன் வரை தாங்கும். சாதாரண இரும்புக்கம்பி 400க்கு அருகில் அறும். இரும்பு தண்ணீரைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு கனம். வாழை இழை ஒன்றேகால், ஒன்றரை மடங்குக்குள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிற எந்த மாணவனுக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, இறுதியாண்டு புராஜெக்ட். நாரைக் கழுவி, 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டு, மறுபடி கழுவிக் காயவைத்தோம். 10 மி.மீ. துண்டுகளாக வெட்டினோம். எல்.ஒய். 556 எபாக்சி ரெசின், எச்.ஒய். 951 ஹார்டனர், பத்துக்கு ஒன்று. இந்தியாவில் மெக்கானிக்கல் படித்த பலருக்கு இந்த இரண்டு எண்ணும் தன் பதிவெண்ணைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். அச்சில் மெழுகு தடவி, ஓ.எச்.பி. ஷீட் விரித்து, நாரைப் பரப்பி, ரெசினை ஊற்றி, உருளையால் தேய்த்து, மேலே கனம் ஏற்றி வைத்தோம். மிச்ச ரெசினைப் பேப்பர் கப்பில் அப்படியே விட்டுவிட்டோம். அரை மணியில் கப் சூடேறிப் புகைய ஆரம்பித்தது. கட்டியாகக் கிடந்தால் ரெசின் தன் சூட்டிலேயே வேகும் என்பது அன்றைக்குக் கற்ற முதல் பாடம்.

மறுநாள் பிரித்தபோது வெல்லப்பாகு நிறத்தில் அழகான தகடு. துண்டு போட்டு இழுவிசை இயந்திரத்தில் மாட்டினோம். நார் போடாத வெறும் ரெசின் துண்டு தாங்கிய அளவைக்கூட அது தாங்கவில்லை.

உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தோம். ஒரு பாதியில் இழைகள் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மறுபாதியில் அதே இடங்களில் சுத்தமான பொந்துகள். இழை அறுபடவில்லை, உருவிக்கொண்டு வந்திருந்தது. ஒவ்வொரு இழையைச் சுற்றியும் சின்னச் சின்னக் குமிழ்கள் வேறு. எங்கள் நெறியாளர் வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, முந்தாநாள் ராத்திரி மழை பெஞ்சுதே, நாரை எங்க வெச்சிருந்தீங்க?"

ஹாஸ்டல் வராந்தாவில்.

பூக்காரம்மாவுக்கு வரமாக இருக்கிற குணம் இங்கே சாபம். செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஐப்பசி மழைக்காற்றில் வெறுமனே தொங்கவிட்டாலே தன் எடையில் 10இல் 1 பங்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். எபாக்சி ரெசின் எண்ணெய்ச் சுபாவம். இழையின் மேல் ஈரம் உட்கார்ந்திருந்தால் ரெசின் அதைத் தொடும், பிடிக்காது. ரெசின் இறுகும்போது எழும் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழாகும். பிறகு இழை உலர்ந்து சுருங்கும். ரெசினுக்கும் அதற்கும் நடுவே முடி புகும் இடைவெளி விழும்.

பிடிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. இழையின் விட்டம் 0.15 மி.மீ., வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 600 நியூட்டன், ரெசின் அதன் மேற்பரப்பைச் சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் விசையோடு பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழை தன் முழு பலத்தைக் காட்ட 4.5 மி.மீ. நீளம் இருந்தால் போதும். பிடிப்பு 3 நியூட்டனாக இறங்கினால் 15 மி.மீ. வேண்டும். நாங்கள் வெட்டிப் போட்டது 10. நல்ல ஒட்டுக்குத் தாராளம், எங்கள் ஒட்டுக்குப் பற்றாக்குறை. காஸ்டிக் சோடா இழைமேல் இருக்கும் மெழுகையும் பசையையும் கரைத்துச் சொரசொரப்பாக்கும். சிலேன் என்ற ரசாயனம் ஒரு கையால் செல்லுலோஸையும் மறு கையால் ரெசினையும் பிடித்துக்கொள்ளும். இரண்டும் உதவும். ஆனால் இழையை உலர்த்தாமல் இவற்றைச் செய்வது கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளை அடிக்கிற கதை.

செடியின் நாரைப் பிசினில் போட்டு ஊர்தி செய்கிற எண்ணம் புதிதல்ல. இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் நார்மன் டி புரூயின் 1930களிலேயே ஆளிச்செடி நாரையும் ஃபீனாலிக் பிசினையும் சேர்த்துக் கார்டன் ஏரோலைட் என்ற பொருளைச் செய்தார். அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்ற பயத்தில், இரண்டாம் உலகப் போரின்போது ஸ்பிட்ஃபயர் விமானத்தின் உடற்பகுதி ஒன்றையே அதில் சோதனையாகச் செய்து பார்த்தார்கள். அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரவில்லை, ஆளிநார் விமானம் பறக்கவும் இல்லை. ஆனால் அதே டக்ஸ்ஃபோர்டிலிருந்து 1941இல் ரீடக்ஸ் என்ற பசை வந்தது. உலோகத்தோடு உலோகத்தை நம்பிக்கையாக ஒட்டிய முதல் பசைகளில் ஒன்று அது. நம் வாழையின் பிலிப்பைன்ஸ் பங்காளியான அபாக்கா 2000களில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரின் ஸ்டெப்னி டயர்க் குழிக்கு அடிமூடியாகப் போனது. காரின் வயிற்றுக்கு அடியில், சேறும் தண்ணீரும் அடிக்கிற இடத்தில். இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

நாரும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திருச்சிக்காரர்கள் அப்துல் கலாமை விட்டுவிட முடியாது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954இல் இயற்பியல் முடித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போய், பிறகு தும்பாவில் கண்ணாடி நார் பிளாஸ்டிக்கில் கைவைத்தவர். அக்னி ஏவுகணைக்கென்று வளர்த்த லேசான கூட்டுப்பொருளைக் கொண்டு ஹைதராபாத்தில் போலியோ குழந்தைகளுக்குக் காலணைக் கருவி செய்ததை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 3 கிலோ இரும்பு 300 கிராமாக இறங்கியது. ஏவுகணையைவிட அந்தக் கருவியைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் மகிழ்ச்சி அதிகம் இருந்தது.

சரி, தகடு நன்றாக அமைந்துவிட்டது என்று வைப்போம். அதை ஒரு சட்டத்தோடு சேர்க்க வேண்டுமே? திருச்சி பற்றவைப்பை நம்புகிற ஊர். பெல் கொதிகலன் ஆலை, அதையொட்டி 1975இல் வந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், அவற்றைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள். வாழைநார்த் தகட்டைப் பற்றவைக்க முடியாது, கருகிவிடும். துளை போட்டு போல்ட் மாட்டினால் துளையைச் சுற்றி இழைகள் அறுந்து அங்கிருந்தே கிழியும். ஒட்டத்தான் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அரை அங்குலம் படியவைத்து ஒட்டிய இரண்டு பட்டைகளை இழுத்தால், ஒட்டின நீளம் முழுக்கச் சமமாகச் சுமை பரவும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பரவாது. இரண்டு ஓரங்களும் பெரும்பங்கைத் தூக்கும், நடு சும்மா இருக்கும். 1938இல் ஜெர்மானியரான ஃபோல்கெர்சன் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். ஒட்டு நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பாகாது என்பது அதனால்தான். ஒட்டுவதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, அசிட்டோனால் துடைப்பது, துடைத்த இடத்தில் விரல் படாமல் பார்ப்பது, இந்தச் சில்லறை வேலைகளில்தான் ஒட்டின் ஆயுள் இருக்கிறது.

இதில் நம் ஊருக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. கோயில்களில் கற்சிலையைப் பீடத்தில் நிறுத்திச் சுற்றிலும் அஷ்டபந்தன மருந்து சாத்துவார்கள். பசை என்று சொல்ல மாட்டார்கள், மருந்துதான். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய், சுக்கான்கல், கற்காவி, ஜாதிலிங்கம், செம்பஞ்சு என்று எட்டுச் சரக்கு. இடித்து இடித்து, அந்தச் சூட்டிலேயே மெழுகாக இளகும்போது திரியாக உருட்டி இடுக்கில் அழுத்துவார்கள். ஆய்வுக்கூடத்துக் கண்ணோடு பாருங்கள். அரக்கும் குங்கிலியமும் பிசின். மெழுகும் வெண்ணெயும் அது நொறுங்காமல் வைக்கும் இளக்கி. சுக்கானும் காவியும் சுருக்கத்தைக் குறைக்கும் நிரப்பி. பஞ்சு, விரிசலைத் தடுக்கும் இழை. பாலிமர், நிரப்பி, நார் மூன்றும் உள்ள முழுமையான கூட்டுப்பொருள் பசை. எதற்காக இத்தனை? நாள்தோறும் அபிஷேகம். பாலும் எண்ணெயும் தண்ணீரும் பீடத்துக்கு அடியில் இறங்கினால் சிலை ஆடும். தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதுதான் அந்த மருந்தின் முதல் வேலை. ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளே சுதை உருவம். அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புத்தான். பொருளறிந்து வைத்த வழக்கம் என்றே எனக்குப் படுகிறது.

எனக்கு இதில் பிடித்தது சரக்குப் பட்டியல்கூட அல்ல, 12 ஆண்டுக் கணக்கு. ஸ்ரீரங்கத்தில் சம்ப்ரோக்ஷணம் என்பார்கள், ஆனைக்காவில் கும்பாபிஷேகம் என்பார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பழைய மருந்தை எடுத்துப் புதிது சாத்த வேண்டும் என்பது மரபு. ஒட்டு என்பது என்றைக்கும் இருக்காது, அதற்கு வயது உண்டு, வயது ஆகுமுன் மாற்று என்று ஒப்புக்கொண்ட பொறியியல் அது. இங்கிலாந்தின் மஸ்கிட்டோ மர விமானத்துக்கு அப்படி யாரும் நாள் குறிக்கவில்லை. 1944 நவம்பரில் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த மஸ்கிட்டோக்களின் இறக்கையில் ஒட்டு விட்டிருப்பதைக் கண்டு, அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். ஒட்டியவனின் குற்றமா, நம் வெயிலும் மழையுமா என்று பிறகு வாதாடினார்கள்.

ஒட்டின் பெரிய சங்கடம், அது கெட்டிருப்பது வெளியே தெரியாது. பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். இரண்டு பரப்பும் தொட்டுக்கொண்டு, ஆனால் பிடிக்காமல் இருக்கிற ஒட்டைப் பெரும்பாலான சோதனைகள் நல்ல ஒட்டு என்றே சொல்லிவிடும். ஆகவே, தகடே தன் நோவைச் சொன்னால் என்ன என்று யோசித்தார்கள். ஸ்மார்ட் ஸ்ட்ரக்சர் என்ற துறைக்கு இப்படியும் ஒரு வாசல் இருக்கிறது. பீசோ என்ற பீங்கான் வில்லையைத் தகட்டில் ஒட்டினால், தகடு வளையும்போது வில்லை மின்னழுத்தம் காட்டும். திருப்பி மின்சாரம் கொடுத்தால் வில்லை தகட்டை வளைக்கும். அதிர்கிற பட்டையை எதிர் அதிர்வால் அமர்த்தலாம். துவாக்குடி என்.ஐ.டி.யின் கருவியியல் துறையில் பல ஆண்டுகளாக இந்த வேலை நடக்கிறது. 1987இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிராலி, டி லூயிஸ் என்ற இருவர், வில்லைக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள பசைப்படலம் எவ்வளவு விசையைத் தின்றுவிடும் என்று கணக்கிட்டு எழுதினார்கள். படலம் கனமாகவோ மெத்தென்றோ இருந்தால் வில்லை தனியாக இழுத்துக்கொண்டிருக்கும், தகட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. எத்தனை புத்திசாலித் தகடானாலும் கடைசியில் ஒட்டினவன் கைதான்.

இத்தனைக்குப் பிறகும் திருச்சியில் வாழைநார்ப் பை வாங்கியிருக்கிறேன். ஆனால் வாழைநார்த் தகட்டில் செய்த கதவையோ பஸ் இருக்கையையோ பார்த்ததில்லை. கண்ணாடி நார் எந்த மாதம் வாங்கினாலும் ஒரே கண்ணாடி நார். வாழைநார் அப்படியா? ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே மரத்தில் வெளிமட்டை முரடு, உள்மட்டை மெல்லிசு. வெட்டிப் போட்ட மட்டை நாளாக ஆக அழுகும். தொழிற்சாலைக்காரருக்கு இது கிலி. ஆனால் அவரைக் குறை சொல்லுமுன் ஆய்வு செய்கிற நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். காஸ்டிக் சோடா 5 சதவீதமா 10 சதவீதமா, நார் 20 சதவீதமா 30 சதவீதமா என்று மாற்றி மாற்றித் தகடு செய்து, உலர்ந்த தகட்டை ஏசி அறையில் இழுத்து, ஒரு பட்டை வரைபடம் போட்டு முடித்த ஆய்வேடுகள் நிறைய. முன்னுரையில் தவறாமல் ஒரு வரி வரும்: இது மட்கக்கூடிய, சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள். எபாக்சியில் முக்கி இறுகிய வாழைநார் மட்காது. உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. சாத்தார வீதியில் கட்டின சரம் மறுநாள் வாடிக் குப்பையில் விழுந்து, நாரும் பூவும் சேர்ந்தே மண்ணாகும். என் புராஜெக்ட் தகட்டில் ஒரு துண்டு இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, வெல்லப்பாகு நிறம் கொஞ்சம் கறுத்து.

இந்த வருஷம் வாழைநாரைக் கையில் எடுக்கிற மாணவருக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஊர், எந்த ரகம், எத்தனையாவது மட்டை, தார் வெட்டி எத்தனை நாள், ரெசினில் போடும்போது நாரில் எவ்வளவு ஈரம் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். தகட்டை வெட்டியதும் துண்டுகளில் பாதியை உடனே இழுங்கள். மறுபாதியைத் தண்ணீரில் ஒரு மாதம் போட்டு வைத்துவிட்டுப் பிறகு இழுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். அதற்குத் தனியாகக் கருவி எதுவும் வேண்டாம். ஹாஸ்டல் வாளி ஒன்று போதும்.